முதலில் பள்ளத்தாக்கு, பிறகுதான் குஸ்கோ

கேள்வி: நானும் என் கணவரும் ஏப்ரலில் ஹூஸ்டனில் இருக்கும் மகளிடம் போகிறோம். மே மாத நடுவில் மூவரும் பன்னிரண்டு நாள் பெரு நாட்டுக்குப் போய் வரலாம் என்கிறாள் மகள். எனக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. கணவருக்கு 63, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்று முப்பது வருடம் வேலை பார்த்தவர். நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இன்கா மக்களின் இடங்களையும் பார்க்க வேண்டும், கடல், மலை, காடு, பாலைவனம் என்று இயற்கையையும் பார்க்க வேண்டும். மகள் போட்ட திட்டத்தை இணைத்திருக்கிறேன். சரியாக வருமா? பைனாகுலர் வாங்கலாமா என்றும் கணவர் கேட்கிறார்.
– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளின் திட்டத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். லிமா, நாஸ்கா, குஸ்கோ, வானவில் மலை, மச்சு பிச்சு, டிடிகாகா ஏரி, கொல்கா பள்ளத்தாக்கு, அமேசான் காடு. பன்னிரண்டு நாளில் எட்டு இடம். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இரண்டாம் நாள் விமானத்தில் குஸ்கோ, அன்று மாலையே ஊர் சுற்றல், மூன்றாம் நாள் விடியற்காலை வானவில் மலை என்று இருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. லிமா கடலோரத்தில் இருக்கிறது. இன்காக்களின் பழைய தலைநகரமான குஸ்கோ 3,400 மீட்டர். வானவில் மலை சுமார் 5,000 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கடற்கரையில் தூங்கி எழுந்தவர் மறுநாளே கிட்டத்தட்ட இரண்டு தொட்டபெட்டா உயரத்தில் போய் நிற்கக் கூடாது. மாத்திரை எடுக்கும் சார் கண்டிப்பாகக் கூடாது.

நான் தென்னமெரிக்கப் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுக்கிறவன். முதல் முறை போனபோது நானும் குஸ்கோவில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் விடுதி தேடி ஏறினேன். அன்று இரவு முழுக்கத் தலையைச் சுத்தியலால் அடிப்பது போல வலி, வாந்தி. மறுநாள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அப்போது எனக்கு வயது 31, உடம்பில் ஒரு நோயும் கிடையாது. வயதும் வலுவும் அங்கே செல்லாது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அது உடம்புக்குப் பழக நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுத்துவிட்டால் பயணம் சுகமாக இருக்கும்.

இன்னொரு விஷயம். இன்கா இடங்கள் ஒரு பக்கம், இயற்கை ஒரு பக்கம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த மண்ணில் அப்படிப் பிரிக்க முடியாது. கடலோரப் பாலைவனத்திலிருந்து ஆண்டீஸ் மலை எழும்பி, மறுபக்கம் அமேசான் காட்டுக்குள் இறங்குகிறது. உச்சியில் ஒட்டக இனத்து லாமாவும் அல்பாக்காவும் மேயும் புல்வெளி. அதற்குக் கீழே உருளைக்கிழங்கு. இன்னும் கீழே மக்காச்சோளம். அதற்கும் கீழே கோக்காவும் மிளகாயும் விளையும் வெதுவெதுப்பான சரிவு. ஒரே சமூகத்தார் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, விளைந்ததை மேலும் கீழும் கொண்டுபோய்ப் பிழைத்த நாடு அது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் அந்தப் பழைய ஏற்பாட்டை ஒரு பேரரசின் அளவுக்கு விரித்தார்கள். மலையை வெட்டி அடுக்கு வயல் போட்டார்கள், களஞ்சியம் கட்டினார்கள், இன்றைய ஆறு நாடுகளில் சுமார் 30,000 கிலோமீட்டருக்குச் சாலை வலையை விரித்தார்கள். அதனால் நிலத்தின் படிகளைப் பார்த்தால்தான் அந்தக் கட்டடங்கள் ஏன் அங்கங்கே நிற்கின்றன என்று புரியும். எட்டு இடம் வேண்டாம். நான்கு படி போதும்: மக்காச்சோளப் பள்ளத்தாக்கு, மேகக் காடு, மேட்டு நகரம், கடலோரப் பாலை.

சரி, வரிசைக்கு வருவோம்.

ஹூஸ்டனிலிருந்து லிமாவுக்கு நேர் விமானம் இருக்கிறது, ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதல் நாள் லிமாவில் சும்மா இருங்கள். ஒரே ஒரு இடம் மட்டும்: லார்கோ அருங்காட்சியகம். அங்கே கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளைப் பாருங்கள். எழுத்து இல்லாத இன்காக்கள் களஞ்சியக் கணக்கையும் மக்கள்தொகைக் கணக்கையும் கயிற்று முடிச்சில்தான் வைத்திருந்தார்கள். முடிச்சின் வகையும் கயிற்றில் அது இருக்கும் இடமும் சேர்ந்து ஒன்று, பத்து, நூறு என்று எண்ணைச் சொல்லும். முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போனால் பிறகு பார்க்கும் ஒவ்வொரு களஞ்சியத்திலும் கணக்குப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருப்பது போல மனதில் தோன்றும்.

இரண்டாம் நாள் காலை விமானத்தில் குஸ்கோ. ஆனால் அங்கே தங்காதீர்கள். விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். உருபாம்பா ஊர் சுமார் 2,870 மீட்டர், ஒய்யாந்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர். குஸ்கோவை விட ஐந்நூறு, அறுநூறு மீட்டர் தாழ்வு. தூக்கத்துக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. அங்கே மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் சாப்பாடு குறைவாக, தண்ணீர் நிறைய, மது வேண்டவே வேண்டாம், மதியத் தூக்கம், மாலையில் ஆற்றங்கரையில் மெதுவாக ஒரு நடை. அவ்வளவுதான்.

தங்குவதற்கு ஒய்யாந்தாய்தாம்போவைத்தான் சொல்வேன், முக்கியமாக சாருக்காக. இன்கா காலத்தில் போட்ட தெரு அமைப்பிலேயே இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் அது. குறுகலான கல் தெருக்களின் ஓரத்தில் கல்லில் கட்டிய வாய்க்கால் ஓடுகிறது. அதில் மலைத் தண்ணீர் இன்றும் வருகிறது. காலை ஆறரை மணிக்குத் தெருவில் இறங்கினால் சுற்றுலாக் கூட்டம் இருக்காது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டு வாசலுக்கு முன்னால் வாய்க்காலின் மேல் ஒரு கல் பலகை, அடுத்த முக்கில் ஒரு சின்னத் திருப்பம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். முப்பது வருடம் வாய்க்காலோடு வாழ்ந்தவர் அந்தத் தெருவில் ஒரு மணி நேரமாவது நிற்பார். அவசரப்படுத்தாதீர்கள். ஊருக்கு மேலே இருக்கும் கோயில் மேட்டுக்குச் செங்குத்தான படிகள் உண்டு. அதைச் சாரும் மகளும் ஏறட்டும். நீங்கள் கீழேயே இருக்கும் நீரூற்றுத் தொட்டிகளைப் பாருங்கள். ஒற்றைக் கல்லில் படிபடியாகச் செதுக்கிய முகப்பின் நடுவிலிருந்து தண்ணீர் விழும். ஏறாமல் விட்டதற்கு வருத்தமே இருக்காது.

அடுத்த நாள் மராஸ் உப்புப் பாத்திகளும் மொராய் வட்ட வயல்களும். மராஸில் மலை இடுக்கிலிருந்து ஒரு உப்பு ஊற்று வருகிறது. அந்தச் சிறிய ஓட்டம் மெல்லிய வாய்க்கால்களாகப் பிரிந்து, சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் 3,000க்கும் மேற்பட்ட பாத்திகளுக்குப் பாய்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பாத்தி. தன் பாத்தி நிறைந்ததும் மடையைச் சேற்றாலும் கல்லாலும் அடைத்துவிட்டு வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். இன்காக்களுக்கும் முந்தைய தொழில் என்று சொல்கிறார்கள். 2019 முதல் பாத்திகளுக்கு நடுவே நடக்கப் பயணிகளை விடுவதில்லை, மேலே இருந்துதான் பார்க்க வேண்டும். ஒரு விதத்தில் உங்கள் முழங்காலுக்கு அது நல்லது. மொராயில் பெரிய கிண்ணம் போல மண்ணுக்குள் இறங்கும் வட்ட வட்டமான அடுக்குகள். மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் வெப்பம் மாறுகிறது. அதனால் பயிர்களைச் சோதித்துப் பார்த்த இடமாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் ரயில். மச்சு பிச்சுவின் அடிவார ஊரான அக்வாஸ் காலியென்தேசுக்குக் கார் சாலை கிடையாது. ஒய்யாந்தாய்தாம்போவிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஆற்றை ஒட்டியே போகும் இந்தப் பாதையில் தூங்கிவிடாதீர்கள். கள்ளிச்செடியும் காய்ந்த சரிவுமாகத் தொடங்கும் பயணத்தில், கொஞ்ச நேரத்தில் பாறையில் பாசி, மரத்தில் தொங்கும் ஒட்டுச் செடிகள், ஆர்க்கிட் என்று பச்சை ஏறிக்கொண்டே வரும். அமேசான் காட்டின் மேல் விளிம்பு அது. அந்த ஊர்க்காரர்கள் 'காட்டின் புருவம்' என்கிறார்கள். ரயிலில் சின்னப் பைதான் விடுவார்கள். பெரிய பெட்டிகளை ஒய்யாந்தாய்தாம்போ விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வழக்கமாக எல்லா விடுதிகளிலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆறாம் நாள் காலை மச்சு பிச்சு. இது 2,430 மீட்டர்தான், அதற்குள் உங்கள் உடம்பும் பழகியிருக்கும், மூச்சு வாங்காது. அடிவாரத்திலிருந்து அரை மணி நேரத்தில் பேருந்து மேலே கொண்டுபோய் விடும். உள்ளே இப்போது இஷ்டப்படி சுற்ற முடியாது. மூன்று சுற்றுப் பாதைகள் இருக்கின்றன, டிக்கெட் எடுக்கும்போதே பாதையையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் இரண்டாம் சுற்றை எடுங்கள். எல்லோரும் படத்தில் பார்த்த காட்சியும் கிடைக்கும், நகரத்துக்குள்ளும் நடக்கலாம். படிகள் உண்டு, ஆனால் நின்று நின்று போகலாம். முழங்கால் ரொம்பத் தொந்தரவு என்றால் தாழ்வாகப் போகும் மூன்றாம் சுற்று. நுனியில் ரப்பர் மாட்டிய கைத்தடியை வயதானவர்களுக்கு அனுமதிக்கிறார்கள், இரும்பு நுனி கூடாது. உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலுக்கு வெளியேதான். வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது. முன்னேற்பாடாகப் போய்விட்டு வரிசையில் நில்லுங்கள்.

இங்கேயும் சாருக்கு வேலை இருக்கிறது. 1450 வாக்கில் பச்சகூதி என்ற அரசர் காலத்தில் எழும்பிய ஊர் இது. செங்குத்தான இரண்டு சிகரங்களுக்கு நடுவே, வருடத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் இடத்தில் ஐந்நூறு வருடத்துக்கும் மேல் சரியாமல் நிற்கிறது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. அடுக்கு வயல்களின் அடியில் பெரிய கல், அதன் மேல் சரளை, அதன் மேல் மணல், கடைசியாக வளமான மண் என்று போட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் சுவரைத் தள்ளாமல் உள்ளே இறங்கிவிடும். மலை ஊற்றிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீர், ஒன்றன் கீழ் ஒன்றாக 16 தொட்டிகளில் விழுந்து போகிறது. வழிகாட்டியிடம் அரசர் கதையைக் குறைத்துக்கொண்டு வடிகாலையும் தொட்டிகளையும் காட்டச் சொல்லுங்கள்.

அன்று மாலை ரயிலில் திரும்பி ஒய்யாந்தாய்தாம்போவில் தூங்கிவிட்டு, ஏழாம் நாள் குஸ்கோவுக்கு ஏறுங்கள். இப்போது அந்த உயரம் உங்களை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. இரண்டு இரவு. கோரிகாஞ்சா என்ற சூரியக் கோயிலை முதலில் பாருங்கள். சுவரில் பதித்திருந்த தங்கத் தகடுகளை 1533இல் ஸ்பானியர்கள் பெயர்த்தெடுத்தார்கள், பிறகு அதன் மேலேயே கிறிஸ்தவ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பலமாகச் சேதமானது, அடியில் இருந்த இன்கா சுவர் நின்றது. சுவர் லேசாக உள்பக்கம் சாய்ந்திருப்பதையும், சன்னல்கள் மேலே குறுகி இருப்பதையும் கவனியுங்கள். அப்புறம் ஹதுன் ரூமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல். சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல், பக்கத்துக் கற்களோடு ஒரு முடி நுழைய இடம் இல்லாமல் பொருந்தியிருக்கும். தொடக் கூடாது. கூட்டம் அந்த ஒரு கல்லைப் படமெடுக்கும் நேரத்தில் நீங்கள் அதே சுவரில் இன்னும் நாலு அடி தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் நடுவில் தலையணை போல உப்பி, ஓரத்தில் சரிந்து, அடுத்த கல்லை இறுக்கிப் பிடித்திருக்கும்.

எட்டாம் நாள், மகளுக்கு ஆசை இருந்தால் வானவில் மலைக்குத் தனியாக ஒரு குழுவோடு போய் வரட்டும். ஆறு நாள் பழகிய உடம்பு, இளம் வயது, அவருக்கு ஒத்துவரும். விடியற்காலை நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். நீங்கள் இருவரும் அன்று திப்போன் போங்கள். குஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கூட்டம் மிகக் குறைவு. ஊற்றுத் தண்ணீரைக் கல் வாய்க்காலில் பிரித்து அடுக்கு வயல்களுக்கு இறக்கியிருக்கும் இடம். தண்ணீர் இன்றும் ஓடுகிறது. ஒரு தண்ணீர் இரண்டாகி, நாலாகி விழும் ஒரு தொட்டி இருக்கிறது, நான்கு தாரையும் பார்வைக்கு ஒரே அளவு. பெருவிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது. குஸ்கோவில் ஒரே சுற்றுலாச் சீட்டில் பத்து நாளுக்குள் 16 இடம் பார்க்கலாம். திப்போன், மொராய், ஒய்யாந்தாய்தாம்போ கோயில் மேடு, சக்சாய்வாமான் கோட்டை எல்லாம் அதில் அடக்கம். கோரிகாஞ்சாவுக்கும் மராஸுக்கும் மட்டும் தனி டிக்கெட்.

ஒன்பதாம் நாள் லிமாவுக்கு இறங்கி, அங்கிருந்து நாலு மணி நேரத்தில் பராகாஸ் கடற்கரை. பாலைவனத் தரையில் பெரிது பெரிதாக வரைந்த நாஸ்கா கோடுகள் இன்காக்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையவை, சின்ன விமானத்தில் குலுங்கிக்கொண்டு பார்க்க வேண்டும், அதனால் விட்டேன். பராகாஸில் பாலைவன மணல் நேராகக் கடலில் இறங்கும். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மழை மேகத்தைத் திரளவிடாது, அதனால் நிலம் பாலை. அதே குளிர்ந்த நீர் மீனைப் பெருக்குகிறது, மீனைத் தேடிப் பறவை வருகிறது. காலைப் படகில் பாயெஸ்தாஸ் தீவுகளுக்குப் போனால் பெங்குவின், கடல் சிங்கம், பாறை தெரியாத அளவுக்குப் பறவைகள் எல்லாம் பார்க்கலாம். அந்தப் பறவை எச்சத்தை உரமாக மலை வயலுக்கு ஏற்றினார்கள் இன்காக்கள். முட்டையிடும் காலத்தில் அந்தத் தீவுகளில் கால் வைத்தாலே மரண தண்டனை என்று, இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ எழுதி வைத்திருக்கிறார். மதியம் காற்று கிளம்பிவிடும், படகைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் லிமா திரும்பும் முன் தம்போ கொலராடோ. பிஸ்கோ பள்ளத்தாக்கில் சுடாத மண் செங்கல்லால் கட்டிய இன்கா நிலையம். மழையே இல்லாததால் சுவரில் பூசிய சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் இன்னும் தெரிகின்றன. கல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதாக இருக்கும். பராகாஸைக் கடைசியில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு: மச்சு பிச்சு ரயில் பாதையில் அவ்வப்போது மறியல் வரும். மச்சு பிச்சு ஒரு நாள் தள்ளிப்போனால் கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம்.

டிடிகாகாவையும் கொல்காவையும் நீக்கிவிட்டேன். ஏரி 3,812 மீட்டர், கொல்கா போகும் சாலை 4,900 மீட்டரைத் தொடும். அமேசான் காட்டையும் நீக்கியதற்கு மஞ்சள் காய்ச்சல் காரணம். அங்கே போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் அதை முதல் முறை போட்டுக்கொள்ளும்போது அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. சாருக்காக அந்த ரிஸ்க் வேண்டாம். காட்டின் விளிம்பை மச்சு பிச்சுவிலேயே பார்த்துவிடுகிறீர்கள். பெருவிலிருந்து வந்த ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் இந்தத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். அதனால் பெரு போய் வந்தபின் பத்து நாளாவது ஹூஸ்டனில் இருந்துவிட்டு ஊர் திரும்புங்கள்.

மாத்திரை விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே பேசுங்கள். உயர நோய்க்குப் பலர் அசிட்டசோலமைடு எடுக்கிறார்கள். சார் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு அது சேருமா, சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்த்துத் தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும். விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். கொக்கெய்ன் எடுப்பது இந்த இலையிலிருந்துதான். பெருவில் இந்த இலை சட்டப்படி சரி. ஆனால் ஒரு இலைகூட, ஒரு தேநீர்ப் பைகூட அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே அது குற்றம். மகளின் அலுவலகத்தில் போதைப்பொருள் பரிசோதனை உண்டு என்றால் அவர் குடிக்கவே வேண்டாம், பரிசோதனையில் காட்டிவிடும். அமெரிக்காவுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு பெருவில் செல்லுமா என்றும் பாருங்கள், பல நேரம் செல்லாது.

விசாவுக்கு வழி சுலபம். இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குப் பெரு விசா தேவையில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைய வேண்டும், அதனால் அது பலமுறை நுழைவு விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், கவனம் போதும். உருளைக்கிழங்கு உலகத்துக்குப் போனதே அந்தப் பக்கத்திலிருந்துதான். பெரிய மணி வெள்ளைச் சோளத்தை அவித்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு தெருவில் விற்பார்கள், மூவருக்கும் பிடிக்கும். கீன்வா என்ற தானியத்தில் செய்த சூப் எங்கும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் வந்து சேரும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் ஊவோ" என்று நாலையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. ரொகோட்டோ என்ற மிளகாய் பார்க்கக் குடைமிளகாய் போல இருக்கும். ஏமாந்து கடித்துவிடாதீர்கள், நம் மிளகாயையே மிஞ்சும்.

முதலில் மச்சு பிச்சு டிக்கெட், அதற்கேற்ற ரயில், கடைசியாகத்தான் விமானமும் விடுதியும். டிக்கெட்டை அரசின் தளத்தில் இரண்டு, மூன்று மாதம் முன்னால் எடுங்கள். நம் ஊர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் சில நேரம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். பாஸ்போர்ட்டில் என்ன வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் போடுங்கள். வாசலில் அசல் பாஸ்போர்ட்டோடு சரிபார்ப்பார்கள்.

பைனாகுலர் கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். பெங்குவினுக்கு உதவும். ஆனால் அதைவிட, ஒய்யாந்தாய்தாம்போ கோயில் மேட்டில் நிற்கும் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சார் ஆற்றுக்கு எதிர்ப்பக்க மலையைப் பார்க்கட்டும். அந்தக் கற்களை வெட்டிய கச்சிகாட்டா குவாரி அங்கேதான், சரிவின் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்த மேட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். வழியில் பாதியில் விட்டுப்போன கற்கள் இன்றும் கிடக்கின்றன. 'களைத்த கற்கள்' என்று ஊர்க்காரர்கள் அவற்றைச் சொல்வார்கள்.